லயத்தில் ஒரு லயர் கேக்

கேக் விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது. நன்றாகச் செய்யத் தெரிந்த ஒன்றை "ஏதோ கொஞ்சம் வரும்" என்று சொல்லிக் குழைவது எனக்குப் பிடிக்காது. சாக்லேட் கேக்கை நாலு அடுக்காக அடுக்கி, நடுவே வெள்ளை மாஷ்மெலோ பூசி, கத்தியை இறக்கினால் ஓரம் உதிராமல் நிற்கும்படி செய்ய மடுல்சீமைப் பக்கத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. இருந்தால் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலையைக் குவைத்தில் பிடித்துக்கொண்டேன். நான் வேலைக்கு நின்ற வீட்டில் ஏழு பிள்ளைகள். பிறந்தநாள் வந்துகொண்டே இருக்கும். சமையலறை ஒரு பிலிப்பைன்ஸ்காரியின் கையில் இருந்தது. நான் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் கேக் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பேன். அவளாக எதையும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பிறந்தநாளன்று அவள் பல்வலி தாங்காமல் படுத்துவிட, வீடே என்ன செய்வதென்று நிற்க, நான் போய் மாவைச் சலிக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் கேக் என் பொறுப்பு. லேயர் கேக் என்பதை அந்த வீட்டு அம்மா "லயர், லயர்" என்றுதான் சொல்வார். எனக்கும் அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. இந்தக் கதையில் வந்த வம்பெல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்தது.

நாலு வருஷம் அங்கே இருந்தேன். போகும்போது மகளுக்கு மூன்று வயது, வரும்போது ஏழு. கணவருக்குக் கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதனால் பிள்ளையை வளர்த்தது அவருடைய அக்கா. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு லயம் என்று பெயர், அதில் ஒரு வீடு ஒரு காம்பரா. அந்த அக்காவின் காம்பரா எங்கள் லயத்தின் கடைசிக் கோடியில், என்னுடையது முதல் கோடியில். நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று மகள் என்னைப் பார்த்து "வாங்க" என்றாள். உள்ளே போய் ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. அந்தத் தண்ணீரை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகும் அவள் தூங்குவது அத்தை வீட்டில்தான். பின்னேரம் என் காம்பராவுக்கு வருவாள், வீட்டுப்பாடம் எழுதுவாள், சாப்பிடுவாள், பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு "எப்ப போறீங்க?" என்று கேட்பாள். குத்தலாகக் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த அம்மாமார் எல்லாரும் ஏழெட்டு மாதத்தில் திரும்பிப் போயிருக்கிறார்கள். நானும் போவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். பதுளையிலிருந்த ஏஜென்ட்டும் அப்படித்தான் நினைத்து என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தான். "அதே வீட்டுலதான்கா திரும்பக் கூப்புடுறாங்க. திங்கக்கெழம வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தான்.

எனக்குப் போக விருப்பமில்லை. கொஞ்சமும் இல்லை. ஆனால் வீட்டில் இருந்தபடி பிழைக்க ஒரு வழி வேண்டும். கொழுந்து பறிக்கப் போகலாம்தான். பொய் சொல்வானேன், என் கைக்கு அது வராது. வரக்கூடியது கேக் ஒன்றுதான்.

பதுளை பஜாரில் ஒரு பலசரக்குக் கடை. இந்தியாவிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். கொக்கோ தூள் வாங்க அங்கேதான் போவேன். கல்லாவில் உட்காருவது அந்த வீட்டு அம்மா. கடை முகப்பில் கண்ணாடிப் பெட்டி வைத்து கேக்கும் விற்றார்கள். ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். சும்மா சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே.

"அம்மா, இந்தக் கேக்கு அடிச்சு மூணு நாளாச்சு. மாஜரினும் மட்டம்" என்றேன்.

அந்த அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு தெரிஞ்சவ நீயே அடிச்சுக் கொண்டாயேன், பாப்போம்" என்றார்.

நான் உடனே சரி என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "சாக்லேட் கேக்கு. நடுவுல மாஷ்மெலோ வச்சு அடுக்கடுக்கா இருக்கணும். இப்ப டவுன் புள்ளைங்க போன்ல பாத்துட்டு அதத்தான் கேக்குதுங்க. ஆனா ஒண்ணு, ஜெலட்டின் போடக்கூடாது. அது மாட்டெலும்பு சமாச்சாரம், எங்க கடைக்குள்ளயே வரக்கூடாது" என்றார்.

"முட்டை?"

"கேக்குல இருக்க முட்டையை யாரும்மா கணக்கெடுக்கிறா? வெள்ளிக்கெழம வெரதம் இருக்கவங்களே வாங்கிட்டுப் போறாங்க. ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்குக் கடைய மூடிருவோம், அதுக்கு முன்ன கொண்டா. புடிச்சிருந்தா வாராவாரம் எடுத்துக்கிறேன்."

ஆக, ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவுக்குக் கேக் பிடித்தால் திங்கட்கிழமை பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வேன். பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறுவேன். இரண்டில் ஒன்று.

மறுநாள் காலை லயத்துக் குழாயடியான பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து காம்பரா அக்கா, "என்னா, மொகம் இன்னைக்கு வெளிச்சமா இருக்கு?" என்று கேட்டார். பீலித் தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்தில் நானும் உரக்கச் சொன்னேன்: "ஞாயித்துக்கெழம லயர் கேக்கு அடிக்கப்போறேன்கா!"

அவர் வாயெல்லாம் பல்லாக, "நல்ல காரியம், நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். என்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று பின்னேரமே அந்த அக்கா சேலைத் தலைப்பில் ஒரு முட்டையை முடிந்து கொண்டுவந்தார். "கேக்குக்கு வச்சுக்க" என்றார். அடுத்த நாள் இன்னொரு வீட்டிலிருந்து இரண்டு முட்டை. பிறகு ஒரு கப் சீனி. ஒருவர் அரைப் பாக்கெட் மாஜரின் கொடுத்தார். லயத்தில் பன்னிரண்டு காம்பரா. என்னுடையதை விட்டால் பதினொரு வீடு. சனிக்கிழமைக்குள் பதினொரு வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று வந்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போய் வந்தவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவர்கள் என்னடாவென்றால் நான் பிழைக்க வேண்டுமென்று முட்டை கொடுக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவரிடமாவது "எதுக்குக்கா இது?" என்று கேட்டிருக்கலாம். பெருமை கண்ணை மறைத்துவிட்டது. இரண்டு அடுக்கு என்று நினைத்திருந்ததை, முட்டைதான் கூடையில் நிறைந்திருக்கிறதே என்று, பெரிய தட்டில் நாலு அடுக்காக்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அடுக்குகளைச் சுட்டேன். ஓவன் குவைத்திலிருந்து கார்கோவில் அனுப்பியது. அதைப் போட்டால் பக்கத்து வீட்டு பல்பு மங்கும், அதனால் நான் எப்போது சுடுகிறேன் என்பது லயத்துக்கே தெரியும். குவைத்துச் செய்முறையை எங்கள் ஊரில் அப்படியே செய்தால் காரியம் கெட்டுவிடும். வந்த புதிதில் செய்து பார்த்தேன். கேக் புசுபுசுவென்று எழும்பி, எடுத்து வைத்ததும் நடுவில் குழி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. அது கடலோரம், இது மலை. இங்கே மாவு அவசரப்பட்டு எழும்பும், பிறகு நிற்க முடியாமல் உட்காரும். பேக்கிங் பவுடரைக் குறைத்தேன், சீனியில் ஒரு பிடி குறைத்தேன், மாவில் இரண்டு கரண்டி கூட்டினேன். நாலாவது கேக் மேசைமேல் மட்டமாக நின்றது. யாரும் சொல்லித் தராமல் கண்டுபிடித்ததால் இதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன்.

கொக்கோ தூளைக் கரைக்கக் கொதிக்கிற காப்பி ஊற்றுவார்கள். நான் சாயத் தேநீர் ஊற்றுவேன். நல்ல தேயிலைத் தூளை இரண்டு கரண்டி போட்டுக் கறுக்கக் கொதிக்கவிட்டு, வடித்து, கொக்கோவின் மேல் ஊற்றினால் ஒரு வாசம் வரும் பாருங்கள். தேயிலை போட்டிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் சாக்லேட் கூடுதல் சாக்லேட்டாக இருக்கும். மாஜரினையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாக விட்டு, மாவையும் கொக்கோவையும் மாற்றி மாற்றிச் சேர்த்தேன். தட்டு ஒன்றுதான் இருந்தது. நாலு முறை எண்ணெய் தடவி, நாலு முறை சுட்டேன். கடைசி அடுக்கை எடுத்தபோது முதல் அடுக்கு நன்றாக ஆறியிருந்தது. துணி போட்டு மூடி வைத்தேன்.

மாஷ்மெலோ ஞாயிற்றுக்கிழமை காலையில். அதற்குப் பனி ஆகாது. ஈரக்காற்று பட்டால் சீனி நீர் விட்டு, கேக்கின் ஓரமெல்லாம் ஒழுகும். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு, உள்ளே ஒரு ஆளாக நின்று வேலை செய்தேன். சீனிப் பாகு காய்ச்சி, அடித்த முட்டை வெள்ளையில் ஊற்றி, பளபளவென்று வந்ததும் அடுக்குகளுக்கு நடுவே ஒரு விரல் கனத்துக்குப் பூசினேன். வெளியே சாக்லேட் பூச்சு. பக்கவாட்டைக் கத்தியால் வழித்து மட்டமாக்கினேன். எல்லாம் முடிந்து பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பத்து மணி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம். அட்டைப்பெட்டியைத் தயாராக எடுத்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

வாசலில் லயமே நின்றது.

எல்லாரும் குளித்து, துவைத்த துணி உடுத்து, ஆளுக்கொரு சில்வர் தட்டு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். என்னை வழியனுப்பத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், நம்புங்கள். கண்ணே கலங்கிவிட்டது. தட்டு எதற்கு என்று அப்போதும் யோசிக்கவில்லை.

"எல்லாரும் வந்துட்டீங்களே! நான் போயிட்டு வாறேன்" என்றேன்.

"எங்க போற?" என்று கேட்டார் பக்கத்து காம்பரா அக்கா. "வெட்டிட்டுப் போ. புள்ளைங்க காலையிலருந்து சாப்புடாம இருக்குதுங்க."

"எதை வெட்ட?"

"கேக்கத்தான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இது கடைக்குப் போற கேக்கு! பதுளைக்குப் போகுது! உங்களுக்கு வெட்டவா நான் ரெண்டு நாளா நின்னேன்?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். பின்னால் நின்ற ஒருத்தி, "அப்ப எதுக்கு முட்டை வாங்குனீங்க?" என்றாள்.

என் நாத்தனார் முன்னால் வந்தார். அவர் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. "லயக் கேக்குன்னு நீதானம்மா பீலியில சொல்லியிருக்க? லயத்துக்கே சேத்து ஒரு கேக்கு அடிக்கிறன்னு. பங்குக்குத்தான எல்லாரும் குடுத்தாங்க" என்றார்.

எங்கள் லயத்தில் பொதுவாக ஒன்று செய்தால் வீட்டுக்கு வீடு பங்கு போடுவது வழக்கம். பொங்கலானாலும் சரி, கோயில் கஞ்சியானாலும் சரி, பாத்திரத்தில் விழுந்தது யாருடையது என்று பிறகு பிரிக்க முடியாது. நான் 'லயர்' என்றேன், அவர்கள் 'லயம்' என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேறெப்படிக் கேட்கும்? அசடு வழிய நின்றேன். பக்கத்து காம்பரா அக்கா தட்டை மெதுவாக முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "சரி விடு, முட்டைதான. நீ எடுத்துட்டுப் போ. நல்லபடியா நடக்கட்டும்" என்றார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

கூட்டத்தில் என் மகளும் நின்றாள். அத்தை வீட்டுத் தட்டோடு, அத்தை வீட்டுப் பங்குக்கு.

நான் கேக்கைத் திரும்பிப் பார்த்தேன். அதில் என்னுடையது கொக்கோ தூளும் மாவும் என் கை வலியும். மற்றதெல்லாம் இவர்கள் வீட்டுப் பொருள். இதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு கடையில் வைத்துவிட்டு நான் இங்கேயே இருக்கப்போகிறேன், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கப்போகிறேன் என்றால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு? அதோடு இன்னொன்றும் தோன்றியது. அந்தக் கடைக்கார அம்மாவும் இதை வெட்டித்தானே பார்க்கப்போகிறார். ஒரு துண்டைத் தின்று பிடிக்காதவருக்கு முழுக் கேக்கைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

சுடுதண்ணீரில் கத்தியை நனைத்துத் துடைத்து, முதல் துண்டை வெட்டி எடுத்தேன். கறுப்பு நாலு, வெள்ளை மூன்று, ஒன்றோடொன்று கலக்காமல் நேராக நின்றது. அதை என் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து மூடினேன். மற்றதை வாசலில் வைத்து லயத்துக்கு வெட்டினேன். வயிறு எரிந்துகொண்டேதான் வெட்டினேன், பொய் சொல்லமாட்டேன். பிள்ளைகள் பேச்சு மூச்சில்லாமல் தின்றார்கள். "தொண்டையில எறங்குறதே தெரியலடி" என்றார் பக்கத்து காம்பரா அக்கா. இன்னொருத்தி, "இனிப்பு கொஞ்சம் பத்தாது" என்றாள். அவளுக்கு இனி உயிரே போனாலும் கேக் கிடையாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

இதற்குள் பத்து மணி பஸ் போய்விட்டது. பதினொன்றரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பசறை வரைக்கும் ரோட்டில் இல்லாத குழி இல்லை. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பெட்டியையும் பிடித்துக்கொண்டேன். பதுளையில் இறங்கி ஓடிப்போனபோது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

அந்த அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். "கேக்கு எங்க?" என்றார்.

"இதுதாங்க."

"ஒரு துண்டா? நான் முழுக் கேக்குல்ல கேட்டேன்?"

நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கரண்டியால் ஓரத்தில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நீ அடிச்சதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எங்கயாவது விசேஷத்துல குடுத்த துண்டக் கொண்டாந்து காட்டுனா?"

அவ்வளவு தூரம் ஓடி வந்து, அவ்வளவு பெரிய கேக்கைக் கண்ணெதிரே வெட்டிக் கொடுத்துவிட்டு, இதையும் கேட்டுக்கொள்ள வேண்டுமா? கோபம்தான் வந்தது. ஆனால் கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்காது, நிதானப்படும்.

"உங்க அடுப்பு எங்கம்மா இருக்கு? நாலு முட்டையும் சீனியும் குடுங்க. உங்க கண்ணு முன்னாலயே மாஷ்மெலோ அடிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. சமையலறையில் நின்று சீனியைத் தண்ணீரோடு அடுப்பில் வைத்தேன். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். "எத்தனை நிமிசம்?" என்று கேட்டார். நிமிஷம் பார்த்து மாஷ்மெலோ செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் மலையில் பாகு பொங்குகிற நேரம் வேறு, பதுளையில் வேறு. நான் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்து, அதில் பாகை ஒவ்வொரு சொட்டாக விட்டுப் பார்த்தேன். முதலில் கரைந்தது. பிறகு கம்பியாக இழுபட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். விரலுக்குள் உருண்டு, அழுத்தினால் அமுங்கியது. கடலை உருண்டை பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதம் தெரியும். உடனே இறக்கினேன்.

என் வீட்டில் கரண்ட்டில் அடிக்கிற பீட்டர் உண்டு. அங்கே முட்டை அடிக்கிற கம்பி ஒன்றுதான் இருந்தது. வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, ஒரு கையால் பாகை நூலாக ஊற்றி, மறு கையால் நிறுத்தாமல் அடித்தேன். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது. விடவில்லை. நுரை தடித்தது, பளபளத்தது, கம்பி போன தடம் அப்படியே நின்றது. கிண்ணத்தைத் தூக்கி என் தலைக்கு மேலே தலைகீழாகக் கவிழ்த்தேன்.

"ஐயோ!" என்று அந்த அம்மா கத்திவிட்டார்.

ஒரு சொட்டு விழவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, "இப்ப நம்புறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவர் கிண்ணத்தை வாங்கி, விரலால் வழித்து, மூன்று முறை சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, "வெள்ளிக்கெழம ரெண்டு கேக்கு கொண்டா. முழுசா" என்றார். வாசல் வரைக்கும் வந்து, "அடுத்த வெள்ளியும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன். நாளைக்கு பாஸ்போர்ட்டை வாங்க வருகிறேன், கையெழுத்துப் போட இல்லை என்று சொன்னேன்.

"யோசிச்சுப் பாருங்கக்கா. அது நல்ல வீடு" என்றான்.

"நல்ல வீடுதான் தம்பி. ஆனா அது அவங்க வீடு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மகள் வழக்கம்போல வந்து வீட்டுப்பாடம் எழுதினாள். நான் ஒன்றும் சொல்லாமல் அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். புத்தகத்தை மூடினாள்.

"எப்ப போறீங்க?"

"போகல."

"இந்த மாசமா?"

"இந்த மாசமும் இல்ல, எந்த மாசமும் இல்ல. வீட்டுலதான் இருக்கப்போறேன்."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். அவள் சாப்பிடாமல் வைத்துவிட்டுப் போன ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள், தன் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. "நான் செவரோரந்தான் படுப்பேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் நாத்தனார், பிள்ளையின் போர்வையையும் மடித்த பள்ளிக்கூட உடுப்பையும் சுமந்துகொண்டு வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. நாலு வருஷம் அந்தப் பிள்ளை அவர் பக்கத்தில் தூங்கியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் சரியாக உறைத்தது. எனக்கு வேலை கிடைத்த நாளில் அவருக்கு என்ன போனது என்று நான் யோசிக்கவே இல்லை.

போர்வையை என் கையில் கொடுத்தார்.

"ராத்திரில ஒதச்சுத் தள்ளிருவா. குளுருன்னு சொல்லத் தெரியாது, சுருண்டுக்குவா. நீதான் எந்திரிச்சுப் போத்திவிடணும்" என்றார்.

"எத்தனை தடவைங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு தடவை" என்றார்.